கிராமத்து இருமொழிப் பள்ளி: மகளுக்கு வெல்ஷ் பிரிவா, ஆங்கிலப் பிரிவா?

தாமிரபரணிக்காரி | 2025 ஜூன் 8, காலை 7:10

வேல்ஸில் குடியிருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். லெஸ்டரில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு ஆகஸ்டில் கெரெடிகியன் மாவட்டத்துக்குக் குடிபெயர்கிறோம். கணவருக்கு அபெரிஸ்ட்வித்தில் வேலை. கடற்கரைப் பக்கம் வாடகை கட்டுப்படியாகவில்லை. முக்கால் மணி நேரம் உள்ளே தள்ளி, சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகளாக இருக்கும் ஒரு கிராமத்தில் வீடு கிடைத்திருக்கிறது. மகள் செப்டம்பரில் ஏழாம் ஆண்டு சேர வேண்டும். எட்டும் தூரத்தில் இருப்பது ஒரே ஒரு மேல்நிலைப் பள்ளி. அது வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் நடக்கும் இருமொழிப் பள்ளி. (பெயரைச் சொல்லவில்லை, சிறிய ஊர்.)

பள்ளியிலிருந்து வந்த படிவத்தில் ஒரு கட்டம்: வெல்ஷ் பிரிவா, ஆங்கிலப் பிரிவா? அடியில் சின்ன எழுத்தில், "வெல்ஷ் தெரியாமல் வருபவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு" என்று ஒரு வரி. அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம். இரண்டு நாளாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எண்கணக்கு | ஜூன் 8, காலை 8:02

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆங்கிலப் பிரிவு. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

2011 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசியவர்கள் 5,62,000 பேர். 2021-ல் 5,38,300. மக்கள்தொகையில் 17.8 விழுக்காடு. நீங்கள் போகும் கெரெடிகியனில் 2001-ல் 52 விழுக்காடு, 2011-ல் 47.3, 2021-ல் 45.3. அரசோ 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்று 2017-ல் திட்டம் அறிவித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. இறங்கு படியில் நிற்கும் மொழியில் ஏறப் போகிறாளா உங்கள் மகள்? இயற்பியலையும் வேதியியலையும் பதினொரு வயதில் புது மொழியில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் திரும்ப ஆங்கிலத்தில் படிப்பதா?

மழைக்கோட்டு | ஜூன் 8, காலை 9:45

எண்கணக்கு அவர்களே, இதே படிவத்தில் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு கார்மார்த்தன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நானும் கையெழுத்துப் போட்டேன். மூத்தவனுக்கு ஆங்கிலம், இளையவளுக்கு வெல்ஷ். ஒரே வீட்டில் இரண்டு சோதனை நடத்தியவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வந்து எழுதுகிறேன், சாம்பார் அடுப்பில் இருக்கிறது.

வடமராட்சி | ஜூன் 8, காலை 11:20

தங்கச்சி, நான் கார்டிஃபில் இருக்கிறேன், கிராமம் எனக்குப் பழக்கமில்லை. வரலாறு மட்டும் கொஞ்சம் சொல்கிறேன்.

1956 என்றால் இலங்கைத் தமிழர் எங்களுக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும், தனிச் சிங்களச் சட்டம். ஒரு மொழியைக் கந்தோரிலிருந்து வெளியே தள்ளிய ஆண்டு. அதே 1956-ல் வட வேல்ஸின் ரில் நகரத்தில் க்ளான் க்ளூயிட் பள்ளியைத் திறந்தார்கள். வெல்ஷ் வழியில் நடந்த முதல் மேல்நிலைப் பள்ளி அது. அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பு, 1939-ல், இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் அபெரிஸ்ட்வித்தில் ஏழே பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி ஒன்றை ஆரம்பித்திருந்தார். நீங்கள் போகிற ஊர்ப்பக்கம்தான்.

அந்தக் காலத்து வெல்ஷ் மேல்நிலைப் பள்ளிகளை "இருமொழிப் பள்ளி" என்றே அழைத்தார்கள். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடந்தன. வரலாறும் புவியியலும் சமயமும் வெல்ஷில். பெற்றோருக்கு இருந்த பயம் அப்படி. எண்கணக்கு இன்று கேட்ட அதே கேள்வியைத்தான் அன்றும் கேட்டார்கள்.

அதற்கும் முந்திய கதை இன்னும் கசப்பு. 1847-ல் லண்டனிலிருந்து வந்த மூன்று ஆணையர்கள் வேல்ஸின் பள்ளிகளைப் பற்றி அறிக்கை எழுதினார்கள். மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. பிள்ளைகள் மந்தம், மக்கள் ஒழுக்கம் கெட்டவர்கள், காரணம் மொழி என்று முடித்துவிட்டார்கள். நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை "நீலப் புத்தகங்களின் துரோகம்" என்றே இன்றும் சொல்கிறார்கள். வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டு, அடுத்து யார் பேசினானோ அவன் கழுத்துக்கு மாற்றி, மாலையில் கடைசியாக யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அடி கொடுக்கும் வழக்கமும் அந்த நூற்றாண்டில் பல பள்ளிகளில் இருந்தது.

தாமிரபரணிக்காரி | ஜூன் 8, மதியம் 12:05

அண்ணா, நான் படித்த ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். வசூலிக்கும் வேலை வகுப்புத் தலைவிக்கு. இரண்டு ஆண்டுகள் அந்தத் தலைவி நான்தான். இதைப் படித்ததும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

சாக்பீஸ் | ஜூன் 8, மாலை 6:30

மேற்கு வேல்ஸில் ஒரு இருமொழிப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், ஆங்கிலப் பிரிவுக்கு மட்டும். எனக்குத் தெரிந்த வெல்ஷ், ஆசிரியர் அறையில் தேநீர் கேட்கும் அளவுக்குத்தான். உள்ளேயிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

அக்கா, "இருமொழிப் பள்ளி" என்ற பெயரை மட்டும் வைத்து ஒன்றையும் முடிவு செய்யாதீர்கள். 2007-ல் அரசு இந்தப் பள்ளிகளை வகை பிரித்தபோது இருமொழி என்ற ஒரே பெயருக்குள் நான்கு உட்பிரிவு வைக்க வேண்டியிருந்தது: 2ஏ, 2பி, 2சி, 2சிஎச். கடைசி எழுத்தைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்தேன். வெல்ஷ் அகரவரிசையில் சி-க்கு அடுத்து வருவது சிஎச் என்ற தனி எழுத்தாம்! 2ஏ என்றால் மொழிப்பாடங்கள் நீங்கலாக எண்பது விழுக்காட்டுப் பாடமாவது வெல்ஷில் மட்டுமே நடக்கும். 2பி-யில் அதே அளவு வெல்ஷில் உண்டு, கூடவே ஆங்கிலத்திலும் உண்டு. 2சி-யில் ஐம்பது முதல் எழுபத்தொன்பது விழுக்காடு வரை. 2சிஎச்-இல் எல்லாப் பிள்ளைக்கும் எல்லாப் பாடமும் இரு மொழியும் கலந்து. ஆக, ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் முழுக்க வேறுவேறான பள்ளிகள். 2021-ல் இதை மூன்று வகையாகச் சுருக்கினார்கள். போன மாதம் வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத் நிறைவேற்றிய கல்விச் சட்டத்திலும் மூன்று: பெரும்பாலும் வெல்ஷ், இருமொழி, பெரும்பாலும் ஆங்கிலம் ஆனால் கொஞ்சம் வெல்ஷ்.

எனவே பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டியது இதுதான்: ஏழாம் ஆண்டில் எந்தெந்தப் பாடம் எந்த மொழியில்? பத்தாம் ஆண்டில் அது அப்படியே தொடர்கிறதா? எங்கள் பள்ளியில் ஏழாம் ஆண்டில் வெல்ஷில் வேதியியல் தொடங்குவார்கள். நடத்துகிற ஆசிரியை வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் இரண்டு ஆண்டுகளுக்கு அதை நடத்த ஆள் கிடைக்காது. வெல்ஷில் அறிவியல் நடத்தக்கூடிய ஆசிரியருக்குப் பஞ்சம். அதைப் பற்றித்தான் பயப்பட வேண்டும். பிள்ளையின் ஆங்கிலத்தைப் பற்றி அல்ல. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் ஆங்கிலத் தேர்வு இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். மற்றப் பாடங்களுக்கு வினாத்தாள் இரு மொழியிலும் உண்டு.

எண்கணக்கு | ஜூன் 8, மாலை 7:15

பாருங்கள், உள்ளே இருப்பவரே ஆசிரியர் இல்லை என்கிறார். என் வாதம் முடிந்தது.

சாக்பீஸ் | ஜூன் 8, இரவு 9:40

முடியவில்லை ஐயா. கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலப் பிரிவுக்கு மட்டும் ஆசிரியர் கொட்டிக்கிடக்கிறார்களா? போன ஆண்டு என் பள்ளியில் உயர்நிலை வகுப்பில் ஒரு பாடத்துக்கு மூன்றே மாணவர். அதற்கு ஓர் ஆசிரியரைப் போட எந்தத் தலைமையாசிரியருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் 2018-ல் இதே கெரெடிகியனில் "ஈ-ஸ்கோல்" என்று தொடங்கினார்கள். ஒரு பள்ளியில் இருக்கும் ஆசிரியர் திரை வழியாக நேரலையில் நான்கைந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்துவார். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இருந்த ஏற்பாட்டைப் பார்த்துச் செய்தது. இது சிறிய பள்ளிக்கான வைத்தியம். மொழி எதுவானாலும் நோய் ஒன்றுதான், ஆள் குறைவு.

இன்னொன்று. வகுப்பில் ஒரு மொழியில் படித்துவிட்டு இன்னொரு மொழியில் எழுதச் சொல்வார்கள். ஆங்கிலக் கட்டுரையைக் கொடுத்து வெல்ஷில் விவாதிக்கச் சொல்வது, இப்படி. வேடிக்கைக்காக அல்ல. வாக்கியத்தைப் பார்த்து எழுத முடியாதல்லவா, புரிந்தால்தான் எழுத முடியும். "டிரவுஸ்யெய்த்தி" என்று இதற்குப் பெயர் வைத்தவர் வட வேல்ஸின் பாங்கரில் இருந்த கென் வில்லியம்ஸ். அவருடைய 1994 ஆய்வேடு இதைப் பற்றியது. பிறகு அதை ஆங்கிலத்தில் "டிரான்ஸ்லாங்குவேஜிங்" என்று மொழிபெயர்த்து, இன்று உலகமெங்கும் இருமொழிக் கல்வி பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லை உருட்டுகிறார்கள். வேல்ஸின் வகுப்பறையிலிருந்து போன சரக்கு என்பது பலருக்குத் தெரியாது.

மழைக்கோட்டு | ஜூன் 9, காலை 10:30

நேற்று வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை, மன்னியுங்கள்.

பாடம், வகை, விழுக்காடு எல்லாம் சரி. கிராமத்துப் பள்ளியில் மொழி முடிவாவது வகுப்பறையில் அல்ல, பஸ்ஸில். மூன்று மைலுக்கு மேல் இருந்தால் மேல்நிலைப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்து என்று 2008-ல் சட்டம் வந்தது. எங்கள் வாசலுக்கு ஏழரைக்கு ஒரு சிறிய பஸ் வரும். பதினாறு பிள்ளைகள், முக்கால் மணி நேரம் வளைவும் மேடும். அந்தப் பதினாறில் பன்னிரண்டு பேர் வீட்டில் வெல்ஷ் பேசுகிற பண்ணைக் குடும்பங்கள். என் மூத்தவன் ஏறினான். முதல் வாரமே பஸ் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. யாரும் அவனை ஒதுக்கவில்லை. மரியாதைக்காக மாறினார்கள்! ஒருவனுக்குப் புரியாது என்று பன்னிரண்டு பேர் தங்கள் மொழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐந்து ஆண்டுகள். எனக்கு இது அப்போது தெரியாது. பிள்ளைக்கு நல்ல நண்பர்கள் என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

இளையவள் போகும்போது பக்கத்துப் பண்ணைப் பாட்டி வாசலில் நின்று சொன்னார். மனத்தாங்கலாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோல: "உன் பையன் நல்ல பையன். அவன் வந்ததிலிருந்து என் பேத்தி வீட்டுக்கு வந்தும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள்." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வெல்ஷ் கட்டத்தில் குறி போட்டேன்.

முதல் பருவம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ஒருநாள் புத்தகப்பையை நடுக்கூடத்தில் வீசிவிட்டு அழுதாள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இர்த் இளைஞர் அமைப்பின் முகாமுக்கு லாங்ராநோக் போய் வந்து, தூக்கத்தில் வெல்ஷில் உளறினாள். (அந்த அமைப்பும் 1922-ல் அதே இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் தொடங்கியதுதான். மனிதர் சும்மா இருக்கவே மாட்டார் போலும்.) மார்ச் முதல் தேதி பள்ளி எய்ஸ்தெத்வோத் கலைப்போட்டி விழாவில் நான்கு பேர் சேர்ந்து ஒப்பித்தார்கள், மூன்றாவது இடம். நான்கு குழுதான் போட்டியிட்டது என்பது வேறு விஷயம்.

எண்கணக்கு | ஜூன் 9, காலை 11:12

அம்மா, உருக்கமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வதன் பொருள் என்ன? வேறு ஒருவருடைய மொழிப் பயிருக்கு நம் பிள்ளையை உரமாகப் போட வேண்டும் என்பதுதானே? அந்தப் பேத்தியின் வெல்ஷைக் காப்பாற்றுவது பதினொரு வயதுத் தமிழ்ப் பிள்ளையின் பொறுப்பா?

வடமராட்சி | ஜூன் 9, மதியம் 1:00

நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் போட்ட கணக்கில் ஒரு வரி விட்டுப்போச்சு. மொழி தானாக இறங்குவதில்லை. ட்ரிவெரின் பள்ளத்தாக்கில் காபெல் கெலின் என்ற வெல்ஷ் கிராமத்தை லிவர்பூலின் தண்ணீருக்காக 1965-ல் மூழ்கடித்தார்கள். வீடு, கோயில், பள்ளிக்கூடம், எல்லாம். வேல்ஸின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை, ஆனாலும் நடந்தது. கிராமம் போனால் மொழி போகும். எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண்கணக்கு | ஜூன் 9, மதியம் 1:09

ஐயா, அணைக்கட்டுக்கும் பள்ளிப் படிவத்துக்கும் முடிச்சுப் போடுகிறீர்கள்.

நெறியாளர் | ஜூன் 9, மதியம் 2:30

இழை திசை மாற வேண்டாம். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள். இதற்குக் கீழே வந்த இலங்கை அரசியல் பதிவுகள் ஆறு வேறு இழைக்கு மாற்றப்பட்டன.

மழைக்கோட்டு | ஜூன் 9, மாலை 4:15

எண்கணக்கு அவர்களே, உரம் என்றீர்கள். மூத்தவன் கதையின் மீதியைச் சொல்லிவிடுகிறேன். அவன் பதினெட்டு வயதில் இங்கேயே மாவட்ட அலுவலகத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தான். வெல்ஷ் அவசியம் என்று போட்டிருந்தது. ஐந்து ஆண்டுகள் அந்தப் பஸ்ஸில் போய்வந்த பிள்ளைக்கு "நன்றி"யும் "காலை வணக்கமும்" தவிர ஒன்றும் தெரியவில்லை. இப்போது ரெடிங்கில் இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் ஊரில் இருந்தவர்களில் அவன் ஒருவன்தான் போக வேண்டியிருந்தது. அவன் நண்பர்கள் அவனுக்காகத் தங்கள் மொழியைக் கீழே வைத்தார்கள், அவன் போன மறுநாள் எடுத்துக்கொண்டார்கள். நட்டம் யாருக்கு?

எண்கணக்கு | ஜூன் 9, மாலை 5:00

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அறிவியல் ஆசிரியர் விஷயத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரி | ஜூலை 3, இரவு 9:20

பள்ளிக்கு நேரில் போய் வந்தோம். பழைய கல் கட்டடம், பின்னால் தகரக் கொட்டகை வகுப்புகள், மைதானத்துக்கு வேலியே ஆடுகள்தான். சாக்பீஸ் தம்பி சொன்னபடி கேட்டேன். துணைத் தலைமையாசிரியை ஒரு தாளை எடுத்துப் பேனாவால் பிரித்துக் காட்டினார். வரலாறு, புவியியல், சமயம், உடற்பயிற்சி, கணிதம் வெல்ஷில் உறுதி. அறிவியல் ஒன்பதாம் ஆண்டு வரை வெல்ஷில். அதற்குப் பிறகு "யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து". ஒளிக்காமல் சொன்னார், பிடித்திருந்தது. எழுத்தில் கேட்டேன். சிரித்தார். தரவில்லை.

வெல்ஷ் கட்டத்தில் குறி போட்டுவிட்டோம். செப்டம்பர் முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் மொழிப் பயிற்சி மையம், இரண்டு நாள் பள்ளி. இப்படிப்பட்ட மையங்களை க்வினெத் மாவட்டம் 1980-களிலேயே ஆரம்பித்ததாம், வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக.

சாக்பீஸ் | ஜூலை 3, இரவு 10:05

கணிதமும் வெல்ஷில் உறுதி என்றால் நல்ல பள்ளி அக்கா. தயங்காதீர்கள்.

தாமிரபரணிக்காரி | 2026 பிப்ரவரி 15, மதியம் 3:40

ஏழு மாதம் கழித்து வருகிறேன். யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

அக்டோபர் கொடுமை. மழைக்கோட்டு அக்கா சொன்ன நடுக்கூடத்துப் புத்தகப்பை எங்கள் வீட்டிலும் பறந்தது. வீட்டுப்பாடத்தில் ஒரு எழுத்து எங்களுக்குப் புரியாது. அவள் படித்து ஆங்கிலத்தில் சொல்ல, நாங்கள் தமிழில் யோசிக்க, அவள் வெல்ஷில் எழுத, ஒரு கணக்குக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

பிறகு எதிர்பாராத இடத்தில் வழி திறந்தது. அவர்கள் மொழியில் சொல்லின் முதல் எழுத்தே மாறும். பூனைக்கு "காத்". உன் பூனை என்றால் ககரம் மெலிகிறது, அவள் பூனை என்றால் தொண்டையில் உரசுகிறது, என் பூனை என்றால் "ஙாத்" ஆகிவிடுகிறது. ஙகரத்தில் தொடங்கும் சொல்லை அரிச்சுவடிக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை! உடன் படிக்கும் ஆங்கிலப் பிள்ளைகள் அந்த ஒலிக்குத் திணறுகிறார்களாம். இவள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ங, ஙா, ஙி என்று கத்தியவள். ஆசிரியை எழுப்பி நிறுத்திச் சொல்லச் சொன்னாராம்.

அதேபோல நீ, நீங்கள். அங்கே "தி", "ஃகி". ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் தலைமையாசிரியரையே "நீ" என்கிறார்களாம். இவளுக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆச்சியிடம் வாங்கிய திட்டு வீண்போகவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். இயற்பியல் ஆசிரியர் ஜனவரியில் போய்விட்டார். தற்காலிகமாக வந்திருப்பவருக்கு வெல்ஷ் தெரியாது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, பயிற்சித்தாள் வெல்ஷில் இருக்கிறது. இது சாக்பீஸ் தம்பி சொன்ன பெரிய பெயருள்ள முறையா, ஆள் இல்லாததால் வந்த நிலைமையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சாக்பீஸ் | பிப்ரவரி 15, மாலை 5:10

இரண்டாவது.

மழைக்கோட்டு | பிப்ரவரி 15, மாலை 6:25

மார்ச், ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடும் காலம். பாதி வகுப்பு இரவு முழுக்கக் கொட்டகையில் கண்விழித்துவிட்டு வந்து மேசையில் தூங்கும். அவளையும் ஒரு பண்ணைக்கு அனுப்பிவையுங்கள். எந்தப் பயிற்சி மையமும் தராத சொற்களெல்லாம் அங்கே கிடைக்கும். சில சொற்களை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

எண்கணக்கு | பிப்ரவரி 15, இரவு 8:00

எழுத்தில் வாங்கச் சொன்னேன், வாங்கவில்லை. போகட்டும். ஒரே ஒரு கேள்வி. பஸ்ஸில் இப்போது எந்த மொழி?

தாமிரபரணிக்காரி | பிப்ரவரி 15, இரவு 8:35

அவளிடமே கேட்டேன். முன் இருக்கைகளில் வெல்ஷ், பின் இருக்கைகளில் ஆங்கிலமாம். இவள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் ஓர் இருக்கை முன்னே போனாளாம், ஜன்னல் சரியாக மூடாததால்.